தொட்டாலே உதறும் குறைமாதக் குழந்தை

குழந்தைக்கு உங்களைப் பிடிக்காமல் இல்லை. வருடுவதைத்தான் தாங்க முடியவில்லை. 30 வாரத்தில் பிறந்த பிள்ளை, தொட்டதும் உதறுகிறது, ஆக்சிஜன் அளவு இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். நரம்பு மண்டலம் இன்னும் முதிரவில்லை. நமக்கு இதமான தடவல் அதற்கு அதிகம்.

அடுத்த முறை கையைக் கழுவி, சூடாக்கிக்கொண்டு, ஒரு கையைத் தலையிலும் இன்னொன்றை மடக்கிய கால்களிலும் அசைக்காமல் வையுங்கள். பேச்சும் வேண்டாம். சில நிமிடம் மானிட்டரில் ஆக்சிஜன் எண்ணைப் பாருங்கள். எண் இறங்காவிட்டால், முன்பு இறங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் வருடல்தான்.

அப்புறம், கங்காரு பராமரிப்பு, அதாவது பிள்ளையை உங்கள் வெறும் மார்போடு தோல் படும்படி அணைத்து வைப்பது, எப்போது தொடங்கலாம் என்று நர்ஸிடம் நீங்களே கேளுங்கள். மார்போடு அணைத்தால் ஒரு மணி நேரமாவது வையுங்கள்; அடிக்கடி எடுத்து மாற்றுவதுதான் பிள்ளைக்குச் சிரமம்.

தொடாதபோதும் அளவு இறங்கினாலோ, நிறம் மாறினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அது வேறு விஷயம்.