மாடி ஒழுகுது, செட்டில்மென்ட் வருது: வாசகர் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. வேலை மாறுகிறது, கையில் கொஞ்சம் பணம் வரப்போகிறது, வீடு பழுது பார்க்கச் சொல்கிறது, மாடி எடுக்கும் ஆசையும் இருக்கிறது. பணம் வந்த உடனே எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்படி ஐந்து கேள்விகளை எடுத்திருக்கிறோம்.

1996இல் கட்டிய கான்கிரீட் வீடு, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருக்கிறது. ஐப்பசி மழையில் கூடத்து விசிறிக் கொக்கி ஓரமாகச் சொட்டுகிறது. தட்டோடு முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போடச் சொல்கிறார் மேஸ்திரி. மூன்று வருஷத்தில் மேலே மாடி எடுக்கலாம் என்றும் இருக்கிறோம். இப்போது செலவு செய்யலாமா?
– வாசகர், காட்பாடி

முழுவதையும் பெயர்க்க வேண்டாம். மாடி எடுக்கும்போது தட்டோடும் அதன் அடியில் இருக்கும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் எப்படியும் வெளியே போகப்போகிறது. மூன்று வருஷத்துக்காக அதைப் புதிதாகப் போடுவது வீண் செலவு. தண்ணீர் இறங்கும் வழியை மட்டும் கண்டுபிடித்து அடையுங்கள்.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தட்டோட்டு இடுக்கில் இறங்கும் தண்ணீர் ஜல்லித் தளத்துக்குள்ளேயே பல அடி தூரம் ஓடும். கான்கிரீட் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கேதான் கீழே எட்டிப் பார்க்கும். விசிறிக்காகப் பெட்டி வைத்த இடத்தில் கான்கிரீட்டின் கனம் குறைவு. பெரும்பாலான வீடுகளில் விசிறி ஓரமாக ஒழுகுவதற்கு இதுதான் காரணம். அந்த விசிறியின் மின் இணைப்பை மழைக்காலம் முடியும்வரை துண்டித்து வையுங்கள்.

சோதனை இப்படி. மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் இறுக்கி அடைத்து, களிமண் வரப்பு கட்டி மொட்டை மாடியை மூன்று நான்கு பாத்தியாகப் பிரியுங்கள். வாட்டத்தின் தாழ்ந்த பக்கம், அதாவது குழாய்ப் பக்கப் பாத்தியிலிருந்து தொடங்க வேண்டும். மேட்டுப் பாத்தியில் முதலில் ஊற்றினால் தண்ணீர் அடியோடு இறங்கி வந்து கணக்கைக் குழப்பிவிடும். ஒரு பாத்தியில் ஓர் அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்தி, கீழே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அடுத்த பாத்தி. ஓர் அங்குலத் தண்ணீர் சதுர அடிக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ கனம், அதனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மர உத்திரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் இந்தச் சோதனையே கூடாது, உத்திரம் ஊறிவிடும்.

பத்துக்கு எட்டு வீட்டில் கசிவு மூன்று இடங்களில் ஒன்றில்தான் அகப்படும்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் வாய், தட்டோட்டு இடுக்கு. இவற்றில் மோசமானது மூலை. வேலூர் வெயிலில் தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. சுவர் அந்த அளவுக்கு அசைவதில்லை. எத்தனை முறை வெறும் சிமென்ட் பூசினாலும் அதே கோட்டில் மறுபடி பிளப்பது அதனால்தான். பழைய பூச்சை உளியால் எடுத்துவிட்டு, இரண்டு அங்குல அகலத்துக்குச் சாய்வான பட்டையாகப் பூசுங்கள். கலவை, சலித்த மணல் மூன்று பங்கு, சிமென்ட் ஒரு பங்கு. 50 கிலோ மூட்டைக்கு 5 முதல் 10 லிட்டர் லேட்டக்ஸ் திரவம் சேர்க்க வேண்டும், கடையில் எஸ்.பி.ஆர். என்று கேட்டால் தருவார்கள். பட்டை காய்ந்ததும் அதன் மேல் ஃபைபர் வலை வைத்து, சுவரில் அரை அடி, தளத்தில் அரை அடி வரும்படி நீர்த்தடுப்புப் பூச்சு அடியுங்கள்.

தட்டோட்டு இடுக்கு என்றால் ஒரு செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, நனைத்து, அதே கலவையை அழுத்தி நிரப்புங்கள். சுரண்டாமல் மேலோடு தேய்ப்பது அடுத்த கோடையில் உரிந்துவிடும். அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டி விட்டுவிடாதீர்கள். வேர் இருக்கும்வரை அது மறுபடி துளிர்க்கும், பிளவும் பெரிதாகும்.

காலம் முக்கியம். தளத்துக்குள் ஈரம் இருக்கும்போது மேலே பூச்சு அடித்தால் வெயில் வந்ததும் கொப்புளம் போட்டு உரியும். தை முதல் பங்குனி வரை செய்வது நல்லது. கத்திரி வெயிலில்தான் முடியும் என்றால் காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நான்குக்கு மேல் வேலை நடக்கட்டும். நடுப்பகலில் போட்ட கலவை இறுகும் முன்பே தண்ணீர் வற்றி வெடிக்கும். பூச்சு டப்பாவில் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கு ஒரு முறை பூசுவதற்கா, மூன்று முறை பூசுவதற்கா என்று பார்த்து வாங்குங்கள். பட்ஜெட் தவறுவது அங்கேதான்.

மாடிக் கனவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலை நடக்கும்போதே வீட்டின் ஒரு வெளி மூலையில் குழி எடுத்து, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துக் காட்டுங்கள். கூரையின் அடியில் காரை விழுந்து கம்பி தெரிகிறதா என்றும் அவர் பார்க்கட்டும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளும். அதை மூடிப் பூசி வெள்ளை அடித்துவிட்டு மேலே இன்னொரு தளம் ஏற்றுவது ஆபத்து. மாடி எடுக்கலாமா என்ற பதில் அந்தக் குழியில்தான் இருக்கிறது. கூரைக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதையும் அதைப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் 7 வருஷம் 8 மாதம் வேலை. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 13,000 ரூபாய். வேறு கம்பெனிக்குப் போகிறேன். பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டைப் பார்க்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். எடுக்கலாமா? வேறு ஏதாவது பணம் வருமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

வேறு பணம் வரும், அதை முதலில் கேளுங்கள். ஐந்து வருஷம் முடித்ததால் உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. இதை பி.எஃப். அலுவலகம் தராது; கம்பெனிதான் தர வேண்டும். கணக்கு எளிது. கடைசிச் சம்பளத்தில் பேசிக், டி.ஏ. மட்டும் எடுத்து 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் ஒரு வருஷத்துக்கான தொகை. உங்களுக்கு அது 7,500 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் உங்களுக்கு 8 வருஷம். மொத்தம் 60,000 ரூபாய். எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். வேலையை விடும்போது தரும் 'கணக்கு முடிந்தது' தாளில் இந்தத் தொகை தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டு வேலைக்கு இந்தப் பணத்தை எடுங்கள். பி.எஃப். அங்கேயே இருக்கட்டும். ஐந்து வருஷம் தாண்டிவிட்டதால் எடுத்தாலும் வரி இல்லை, அது உண்மை. இழப்பு வேறு இடத்தில் வருகிறது. பி.எஃப்.ஓடு சேர்ந்த ஓய்வூதியத்துக்கு 10 வருஷ சேவை வேண்டும். ஒன்பதரை வருஷத்தையே பத்தாக எடுத்துக்கொள்கிறார்கள். புதுக் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குள் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். இப்போது பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பென்ஷன் கணக்கு, கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சேவை வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பது. 13,000 ரூபாய்க்கு 10 வருஷம் என்றால் மாதம் 1,857, 20 வருஷம் என்றால் சலுகையாக இரண்டு வருஷம் கூட்டி 4,086, 58 வயதிலிருந்து.

புது இடத்தில் சேரும்போது பி.எஃப்.க்கான பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். புதிதாக இன்னொன்று போட்டுக்கொள்வதால் வரும் சிக்கலை அவிழ்க்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்ததா என்று இணையத்தில் பாருங்கள். செய்யாவிட்டால் இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிவு செய்யலாம். ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதியோடு பி.எஃப். கணக்கில் உள்ளது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தகப்பனார் பெயர் முன்னால், கணவர் பெயர் பின்னால் என்று மாறி எழுதியே பல கணக்குகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பழைய எண்ணே தொடரட்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்குக்கு ஜனவரி முதல் ஜூன் வரை பலன் கிடைக்கும் முறை அது. எண் மாறினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

ஒன்று மட்டும் தொடராது. பணிக்கொடைக்குப் புதுக் கம்பெனியில் சேரும் நாள்தான் முதல் நாள்.

ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்த அனுபவம் இருக்கிறது. வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுக்கப் பழைய மெஷின் வாங்கலாமா? மாமியாரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.
– வாசகி, பேரணாம்பட்டு

வாங்கலாம், ஆனால் ஆர்டர் எழுத்தில் கிடைத்தபின் வாங்குங்கள். அப்பருக்குத் தட்டையான மேசை மெஷினைவிட போஸ்ட் மெஷின் (தூண் போல உயர்ந்த மேடையில் தைப்பது) தேவைப்படும் வேலைகள் அதிகம். உங்களுக்கு வேலை தருபவர் எந்தப் பாகத்தைக் கொடுப்பார் என்று கேட்ட பிறகே மெஷின் வகையை முடிவு செய்ய முடியும்.

பழைய மெஷினைப் பார்க்கப் போகும்போது அவர்கள் காட்டும் துணியில் தைத்துப் பார்த்து நம்பிவிடாதீர்கள். தோல் துண்டு இரண்டு, 18ஆம் நம்பர் தோல் ஊசி ஒன்று எடுத்துப் போங்கள். இரண்டு மடிப்பு சேரும் மேட்டில் தையல் விட்டுப்போனால் ஹூக் டைமிங் (ஊசி நூலைக் கொக்கி பிடிக்கும் நேரம்) தவறியிருக்கிறது அல்லது ஹூக் முனை தேய்ந்திருக்கிறது. டைமிங் என்றால் மெக்கானிக் சரிசெய்துவிடுவார். தேய்ந்திருந்தால் ஹூக்கை மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஊசித் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் விட்டுவிடுங்கள். மோட்டார் கிளட்ச் வகையா, சர்வோவா என்றும் கேளுங்கள். கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே மின்சாரம் இழுக்கும், சத்தமும் போடும். சர்வோ, மிதித்தால் மட்டும்தான் சுற்றும். நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்கு அதுவே ஏற்றது.

அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் என்று சாம்பிளில் என்ன இருக்கிறதோ அதைத் தாண்டாதீர்கள். நெருக்கித் தைத்தால் பலமாக இருக்கும் என்று தோன்றும்; தோலில் ஊசி போட்ட ஓட்டை மறுபடி மூடாது, தபால் தலை போலக் கிழிந்துவிடும். அப்படித் திரும்பி வரும் ஜோடியின் தோல் விலையை உங்கள் கூலியில் பிடிப்பார்கள். கூலி பேசும்போது நூல், ஊசி யார் பொறுப்பு, சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்டோ யார் பொறுப்பு, திரும்பியதற்கு எவ்வளவு பிடிப்பு என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாமியாருக்குச் சாப்பாடு, மருந்து நேரம் போக ஒரு நாளில் உங்களுக்கு உண்மையாகக் கிடைப்பது ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து மணிக்கான ஜோடியை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

கடன் தேவையென்றால் முத்ரா கடனில் 50,000 ரூபாய் வரை சிசு பிரிவு, அடமானம் கேட்கக்கூடாது. மானியத் திட்டம் எதற்காவது விண்ணப்பிப்பதாக இருந்தால் கடன் அனுமதி வருவதற்கு முன் மெஷின் வாங்கிவிடாதீர்கள்.

போர் தண்ணீரில் கீசர் உள்ளே வெள்ளையாகப் படிகிறது. மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது?
– வாசகர், சத்துவாச்சாரி

கீசர் வெப்பத்தை 50 டிகிரியில் வையுங்கள். 60ஐத் தாண்டினால் படிவு வேகமாகச் சேரும். வருஷம் ஒரு முறை மெக்கானிக்கை வைத்து ஆனோடு கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது கரைந்துபோனால் அடுத்துக் கரைவது கீசரின் தொட்டி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடு என்றால் அதைப் போர் தண்ணீரோடு ஒரே தொட்டியில் கலக்காமல் குடிப்பதற்குத் தனியாகப் பிடித்து வையுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவியபின், ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிரப்பி 200 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். குழாய்களைத் திறந்து வாடை வரும்வரை விட்டு மூடி, ஓர் இரவு வைத்து, முழுவதும் வெளியேற்றி, நல்ல தண்ணீரால் அலசிய பிறகே பயன்படுத்துங்கள். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது, புதுப் பாக்கெட் வாங்குங்கள்.

மகளுக்கு 9 வயது 7 மாதம். கையில் இருப்பதை மாடி கட்டச் சேர்ப்பதா, அவள் படிப்புக்கா?
– வாசகர், குடியாத்தம்

மாடி அடுத்த வருஷமும் கட்டலாம். செல்வமகள் சேமிப்புக் கணக்கை 10 வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம்தான். இந்த வாரமே தபால் நிலையத்துக்குப் போங்கள். 250 ரூபாய் போதும். பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் எடுத்துப் போங்கள்.

தொடங்கிவிட்டால் தொகையை வசதிப்படி ஏற்றலாம், இறக்கலாம், வருஷத்துக்கு 1.5 லட்சம் வரை. மாடி வேலை நடக்கும் வருஷம் 250 மட்டும் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். அதையும் விட்டால் வருஷத்துக்கு 50 ரூபாய் அபராதம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் கட்ட வேண்டும், 21ஆம் வருஷம் முதிர்வு. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அவளுக்கு 18 ஆனபின், அல்லது பத்தாம் வகுப்பு முடித்தபின், முந்தைய வருஷ முடிவில் இருந்த தொகையில் பாதி வரை மேல்படிப்புக்கு எடுக்கலாம். கல்லூரியின் சேர்க்கைக் கடிதமும் கட்டண ரசீதும் கேட்பார்கள்.