பயிற்சி கொடுத்தால் பூச்சிமருந்து பாதிப்பு குறையுமா?

சிறு விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தால் பூச்சிமருந்தால் வரும் உடல் பாதிப்பு உண்மையிலேயே குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும், ஆனால் எதைச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. "கையுறை போடு, முகமூடி போடு" என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவது பெரிதாக உதவாது. கொளுத்தும் வெயிலில் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பது பேசுகிறவருக்கும் தெரியும்.

மருந்து மூக்கு வழியாகத்தான் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தெளிப்பவர் உடம்பில் அது பெரும்பாலும் தோல் வழியாகவே இறங்குகிறது. அதிலும் கெட்டியான மருந்தை மூடியில் அளந்து ஊற்றிக் கலக்கும் அந்த இரண்டு நிமிடம் மோசமானது. அப்புறம், கசிகிற டேங்க் முதுகை நனைப்பது. இதைக் காட்ட ஒரு நல்ல வழி உண்டு: மருந்துக்குப் பதிலாக ஒளிரும் சாயம் கலந்த தண்ணீரை அடிக்கச் சொல்லி, பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடிப்பார்கள். விரலிடுக்கு, கழுத்து, தொடை எல்லாம் மின்னும். நாம் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

என்னைக் கேட்டால், மருந்து அடிக்கும் தடவைகளையே குறைக்கும் பயிற்சிதான் மேல். 1989-இல் இந்தோனேசியாவில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அதைத்தான் செய்தன. வாராவாரம் நெல் வயலில் இறங்கி, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியையும் அதைத் தின்னும் சிலந்தியையும் எண்ணிப் பார்த்து, மருந்து தேவையா என்று விவசாயிகளே முடிவு செய்தார்கள். (1986-லேயே அந்த அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்திருந்தது, அதுவும் கைகொடுத்தது.)

வீட்டில் துணி துவைப்பவரையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். மருந்து பட்ட சட்டை கடைசியில் அவர் கைக்குத்தான் போகிறது.