பதில்: கிளினிக் நின்றுபோன நான்காம் வருட மாணவிக்கு

வணக்கம் தங்கச்சி. பேராதனையில் பல் மருத்துவம் படிக்கும் நீங்கள், கொவிட் காரணமாக, நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து பழகும் கிளினிக் நின்றதால் திருகோணமலை உப்புவெளியில் உள்ள வீட்டிலிருந்து இணையவழி விரிவுரைகளைக் கேட்பதாகவும், கைப்பழக்கம் போய்விடுமோ என்ற கவலையும், திரும்பிச் சென்றால் நீரிழிவுள்ள அம்மம்மாவுக்குத் தொற்றைக் கொண்டுவந்துவிடுவேனோ என்ற பயமும் தூக்கத்தைக் கெடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பயத்துக்கு நியாயமான காரணம் உண்டு. அதிவேகத் துளைகருவியும் பற்களில் படிந்த காரையை அதிர்வால் அகற்றும் அல்ட்ராசோனிக் ஸ்கேலரும் உமிழ்நீர் கலந்த நுண்துளிகளை, நோயாளியின் வாய்க்கு மிக அருகில் குனிந்திருக்கும் உங்கள் முகத்தை நோக்கியே எழுப்புகின்றன. ஆனால் ரப்பர் டாம் (சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் தாள்), வலுவான உறிஞ்சுகுழாய், என்95 முகக்கவசம், நல்ல காற்றோட்டம் ஆகியவை சேரும்போது அந்த ஆபத்து குறைகிறது. ஆகவே கிளினிக் திறக்கும்போது இவற்றில் எவை வழங்கப்படும், முடிக்க வேண்டிய சிகிச்சைகளின் எண்ணிக்கை குறைக்கப்படுமா, அல்லது காலம் நீட்டப்படுமா என்பதை வகுப்புப் பிரதிநிதி மூலம் பீடத்திடம் எழுத்தில் கேளுங்கள். பாடச்சுமையைவிட, பதில் தெரியாமல் காத்திருப்பதே உங்களை அதிகம் வருத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கைப்பழக்கத்துக்கு மெழுகிலோ சவர்க்காரக் கட்டியிலோ பல் வடிவங்களைச் செதுக்குங்கள் (தொடக்க வருடங்களில் சலித்துப்போன அதே வேலைதான்). நோயாளியின் வாய்க்கு அது ஈடாகாது. எனினும் விரல்கள் சும்மா இருப்பதைவிட நல்லது.

படுக்கையில் தொற்றுச் செய்திகளைப் பார்ப்பதை நிறுத்துங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் வைத்தியரைச் சந்தியுங்கள்; வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அந்த நேரமே, இரவானாலும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.