சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொடுக்க நினைக்கிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவிலேயே சாக்கு விரித்து அக்கம்பக்கத்தாருக்குச் சைக்கிள் ரிப்பேர் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தங்கள் தெருவிலும் தொடங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

அக்கா, முதல் வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது? (வியாசர்பாடி)

பஞ்சர்தான் தம்பி. ஆனால் டயரைக் கழற்றும் முன்னால் வால்டியூப்பை, அதாவது வால்வுக்குள் இருக்கிற சின்ன ரப்பர் குழாயைப் பார்க்கப் பழக்குங்கள். வால்வு வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்தால் போதும், குமிழி வந்தால் காற்று அங்கேதான் போகிறது, டியூப்பில் ஓட்டையே இல்லாமல் இருக்கலாம். ஒட்டிப் பழக வீணான டியூப்பைத் துண்டு போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் பசை) தடவிய உடனே ஒட்டிவிடுவார்கள், அங்கேதான் எல்லோருக்கும் அவசரம். மெல்லிசாகத் தடவி, பளபளப்பு போய், புறங்கையால் தொட்டால் பிசுபிசுப்பு இல்லாத வரைக்கும் காயவிட வேண்டும், அப்புறம் வைத்து அழுத்தினால்தான் பிடிக்கும். அப்படியே டியூப்பை உள்ளே திணித்துவிடாதீர்கள். டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லோ கம்பித் துண்டோ இருந்தால் துணி அதில் மாட்டும். அதை எடுக்காமல் மாட்டினால் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிடும்.

கடல் பக்கம் வீடு. செயின் எத்தனை முறை எண்ணெய் விட்டாலும் துருப்பிடிக்கிறது. (திருவொற்றியூர்)

உப்புக்காற்று ஒரு பக்கம். மீன் கூடை வைத்துப் போகிற சைக்கிள் என்றால் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து செயின் மேலேயே சொட்டும். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வேண்டும் அண்ணா, அதாவது நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகுதான் எண்ணெய். ரொம்ப அழுக்கு என்றால் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகி மணலை இழுத்து வைத்துக்கொள்ளும். மெஷின் ஆயில் செயினில் உள்ள ஒவ்வொரு ரோலருக்கும் (சின்ன உருளை) ஒரு சொட்டு, பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு, வெளியே தெரிகிற எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது ரோலருக்குள்ளேதான்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து (கண்ணிகளைக் கோக்கிற ஆணி) அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலத்துக்கு மேல் அரைக்கால் (1/8) அங்குலம் நீண்டிருந்தால் மாற்றிவிடுங்கள், பின் சக்கரத்தில் செயின் ஓடுகிற பிரீவீல் பல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடது பெடலைக் கழற்றவே முடியவில்லை. (கொருக்குப்பேட்டை)

அந்தப் பக்கம் மரை தலைகீழ். ஸ்பேனரை மேலே நிற்கும்படி மாட்டிப் பின் சக்கரத்தைப் பார்த்துத் தள்ளுங்கள், இரண்டு பெடலும் அப்படித்தான் கழலும்.

பெண்களும் வருகிறார்கள், ஆனால் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். (ராயபுரம்)

உங்கள் வகுப்பில் ஸ்பேனர் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரரோ தம்பியோ 'கொடு, நான் பண்றேன்' என்று வாங்கிவிடுவார். எங்கள் தெருவில் ஒரே விதி: யாருடைய சைக்கிளோ அவர்தான் கை வைக்க வேண்டும், சொல்லிக்கொடுப்பவர் கை முதுகுக்குப் பின்னால். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஏற வைத்தது. ஓட்டத் தெரிந்த பெண்ணுக்குப் பஞ்சர் ஒட்டவும் தெரிந்தால் நடுவழியில் யாரையும் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிள் வீட்டில் இருக்கும், மகளையும் அம்மாவையும் சேர்த்தே உட்கார வையுங்கள். முதல் வேலையாகப் பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

8-9 முதல் 14-15 மி.மீ. வரை ஸ்பேனர், டயர் லிவர் (டயரை நெம்பி எடுக்கிற கம்பி), பம்பு, ஒரு வாளி தண்ணீர். உதிரி பாகங்களுக்குச் சென்னை ரத்தன் பஜார் போய் வாருங்கள், கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

எங்கள் தெரு சைக்கிள் கடை ஐயா 'என் பொழப்பில் கை வைக்கிறியா'ன்னு கேட்கிறார். (புளியந்தோப்பு)

அவர் கேட்பது நியாயம். முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள், முடிந்தால் காசு கொடுத்து அவரையே ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிடுங்கள், ஓவராயிலிங்கில் (முழுசாகப் பிரித்துப் பூட்டுவது) சக்கர அச்சில் இருக்கிற கோனை எந்த அளவுக்கு முறுக்க வேண்டும் என்று அவர் விரல் சொல்வதை நான் எழுதிக் காட்ட முடியாது. பஞ்சர், செயின், பிரேக் இவற்றோடு நம் வகுப்பு நிற்கட்டும். வீல் கோட்டம் எடுப்பது, பெடல் கட்டையைப் பிடிக்கிற காட்டர் பின் அடிப்பது, பால்ஸ் (பேரிங் குண்டுகள்) மாற்றுவது எல்லாம் அவர் கடைக்கே போகட்டும்.