வண்டி பெரிசு, பாதை சிறிசு: வாசகர் கேள்வி – பதில்

தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் இதுவரை பழைய ஜீப்தான் ஓடியது. இப்போது லேண்ட் குரூஸர் 300 வாங்கியிருக்கிறோம். அதே பாதையில் ஏற்றலாமா?
– பண்ணைக்காடு வாசகர்

இன்ஜின் ஏறிவிடும், அதில் சந்தேகம் வேண்டாம். கேள்வி அகலத்தில் இருக்கிறது. இந்த வண்டியின் உடல் அகலம் 1,980 மி.மீ. சைடு மிரர் இதில் சேராது. மாருதியின் சின்ன ஜிம்னி 1,645 மி.மீ. தான். இரண்டுக்கும் நடுவே ஓரடிக்கு மேல் வித்தியாசம்.

முதலில் வண்டியை விட்டுவிட்டு டேப்போடு நடந்து போங்கள். நேர்ப்பாதையில் பக்கத்துக்கு 25 செ.மீ. விட்டால் இரண்டரை மீட்டர் வேண்டும். வளைவில் அது போதாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். 2,850 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் நடுத்தூரம்), 5.9 மீட்டர் திரும்பு ஆரம் என்று கணக்குப் போட்டால் அந்த வெட்டு சுமார் 70 செ.மீ. ஆக, வண்டிக்கே 2.7 மீட்டர், அதற்கு மேல் ஓர இடைவெளி. 3.2 மீட்டர் நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் குறுக்கே போட்டுப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே சுண்ணாம்பால் குறி வையுங்கள்.

அகலம் இருந்தாலும் முழு அகலமும் உங்களுக்கு உதவாது. மலைச்சரிவில் பாதை போடும்போது மேட்டுப்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளப்பக்கம் தள்ளியிருப்பார்கள். உள்பாதி கெட்டி மண், வெளிப்பாதி கொட்டிய மண். ஜீப்பைத் தாங்கிய அந்த ஓரம் இரண்டரை டன் வண்டியைத் தாங்கும் என்று நம்ப முடியாது. பாதை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பாரமும் அந்தப் பக்கச் சக்கரங்கள் மேலேயே இறங்கும். வெளி ஓரத்தில் கடப்பாரையைக் குத்திப் பாருங்கள். ஒரு சாண் சுலபமாக இறங்கினால் அங்கே சக்கரம் வைக்காதீர்கள். ஓரத்திலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, மேட்டுப்பக்கத்தை ஒட்டியே ஓட்டுங்கள். கதவில் கோடு விழுந்தால் விழட்டும்.

வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தச் செம்மண் ஊறிக் கிடக்கும். கோடையில் அளந்த அளவை அப்போது நம்ப வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்பவில்லை. முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புவது எப்படி?
– தாண்டிக்குடி வாசகர்

4L என்று போட்டிருக்கும் லோ கியரில் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக்கில் கால் வைத்தபடி ஊர்ந்து நகர அதுதான் வசதி. முடிந்தவரை முன்பக்கம் பள்ளத்தையும் பின்பக்கம் மேட்டையும் பார்க்கும்படி திருப்புங்கள். முன்னால் இருக்கும் விளிம்பு கண்ணுக்குத் தெரியும், பின்னால் இருப்பது தெரியாது. பின்பக்கம்தான் பள்ளம் என்றால், பின்சக்கரம் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே குறுக்கே ஒரு கட்டையைப் பதித்துவிட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

வழி சொல்பவர் ஒருவர் போதும். நாலு பேர் கத்தினால் ஓட்டுபவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார். வழி சொல்பவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். வண்டிக்கும் மண் சுவருக்கும் நடுவிலோ, வண்டிக்குக் கீழே சரிவிலோ நிற்கவே கூடாது. கேமராவை நம்பி இறங்காதீர்கள். அதில் தெரியும் கோடுகள் சமதளத்துக்காகப் போட்டவை, சரிவில் தூரத்தைத் தப்பாகக் காட்டும்.

டயர் காற்றை எவ்வளவு குறைக்கலாம்?
– பாச்சலூர் வாசகர்

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவில் கால்வாசி குறைத்தால் போதும். அங்கே 33 பி.எஸ்.ஐ. என்றிருந்தால் 25. மணலுக்குச் சொல்லும் 15, 18 எல்லாம் இங்கே வேண்டாம். கல்லும், கவாத்து வெட்டிய காப்பிச் செடியின் கட்டையும் டயரின் பக்கச் சுவரைத்தான் கிழிக்கும். காற்று குறையக் குறைய அந்தச் சுவர் வெளியே பிதுங்கும். 20 அங்குல ரிம் என்றால் சுவரே குட்டை, இன்னும் கவனம். தார் ரோட்டுக்கு வந்ததும் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டுத்தான் மலை இறங்க வேண்டும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் கம்ப்ரசர் வாங்குங்கள். லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னது இந்த டயருக்குத் திணறும்.

இறக்கத்தில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் வசதியைப் போட்டும் பிரேக் கருகும் வாடை வருகிறதே?
– ஆடலூர் வாசகர்

அந்த வசதி வேகத்தைப் பிடிப்பதே பிரேக்கைக் கொண்டுதான். சின்னச் சரிவுக்குச் சரி. நீண்ட இறக்கத்துக்கு லோ கியரில் முதல் கியரைக் கையால் போட்டு, இன்ஜினே பிடிக்கும்படி விடுங்கள். வாடை வந்துவிட்டால் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

வெளிச்சக்கரம் ஓரத்தில் இறங்கிவிட்டால்?
– கே.சி.பட்டி வாசகர்

ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்ற கொட்டிய மண் இன்னும் சரியும். ஹேண்ட் பிரேக் போட்டு, எல்லோரும் மேட்டுப்பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்குங்கள். அடுத்த வேலை வண்டியை மீட்பதல்ல, கவிழாமல் கட்டுவது. மேட்டுப்பக்க மரத்திலிருந்து சேசிஸுக்கு ஒரு பட்டையைப் போட்டு இறுக்குங்கள். பிறகுதான் மண்வெட்டி.

ஓடிவந்து வெடுக்கென்று இழுக்கும் ரப்பர்த்தன்மைக் கயிறு இங்கே ஆகாது. ஓட இடமும் இல்லை, இழுப்பது எந்தத் திசையில் போகும் என்பதும் நம் கையில் இல்லை. வண்டியில் பொருத்தி, மோட்டாரால் கயிறைச் சுற்றி இழுக்கும் வின்ச் வேண்டும். ஆளும் மூட்டையும் சேர்ந்தால் வண்டி மூன்று டன். வின்ச் அதில் ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும். 12,000 பவுண்டு, அதாவது சுமார் 5.4 டன் அளவு சரி. கயிறு சுற்றியிருக்கும் டிரம்மை ஒட்டிய உள்ளடுக்கில் மட்டுமே அந்த முழு பலம் கிடைக்கும் என்பதால் கயிறை நன்றாக வெளியே விட்டு இழுங்கள். நடுவே ஒரு கப்பி போட்டால் பலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். கொக்கியை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் குமிழில்) மாட்டாதீர்கள். அது அறுந்து பறந்தால் ஆளைக் கொன்றுவிடும். மரத்தில் கம்பிக் கயிறைச் சுற்றாமல் அகலப் பட்டையை அடிமரத்தில் போடுங்கள். சில்வர் ஓக் என்றால் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கொடி இல்லாத மரமாகப் பார்த்தால் தோட்டக்காரருக்கும் உங்களுக்கும் சண்டை வராது.

பேரிஜம் ஏரிப் பக்கம் இந்த வண்டியில் போகலாமா?
– திண்டுக்கல் வாசகர்

வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது. அது இருக்கும் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளியூர் வண்டி கொடைக்கானல் ஏறவே 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும்.

ஒற்றைப் பாதையில் எதிரே ஜீப் வந்தால் யார் ஒதுங்குவது?
– பெரும்பாறை வாசகர்

விதிப்படி ஏறும் வண்டிக்கு முதலிடம், இறங்குபவர் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமே இல்லாத தோட்டப் பாதையில், பின்னால் எடுக்க எந்த வண்டிக்குச் சுலபமோ அது எடுக்கட்டும். பெரும்பாலும் அது ஜீப்தான். கேட்கும் முன் ஒரு வணக்கம் வையுங்கள்.