போகிற ஊரில் நல்ல காபி கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? – கேள்வி பதில்

மேப்பில் ‘காபி’ என்று தேடினால் செயின் கடைகள்தான் வரிசையாக வருகின்றன. 4.7 ஸ்டார் வாங்கிய சின்னக் கடைக்குப் போனாலும் காபி சுமார்தான். எப்படித் தேடுவது?

ஸ்டாரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேக்குக்கும், சன்னலோர சோபாவுக்கும், போட்டோ எடுக்கத் தோதான சுவருக்கும் சேர்த்துத்தான் மக்கள் ஸ்டார் போடுகிறார்கள். காபிக்கென்று தனியாக யாரும் போடுவதில்லை.

நான் கடையைத் தேடுவதே இல்லை, அந்த ஊரில் கொட்டை வறுப்பவர் யார் என்றுதான் தேடுவேன். ‘ரோஸ்டரி’ என்று ஆங்கிலத்திலும் அந்த ஊர் மொழியிலும் தேடிப் பாருங்கள். சிறிய அளவில் வறுப்பவர்கள் தங்கள் கொட்டையை எந்தெந்தக் கடைகள் வாங்குகின்றன என்று இணையதளத்திலோ இன்ஸ்டாகிராமிலோ பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பட்டியல் எந்த ‘டாப் 10’ கட்டுரையையும்விட நம்பகமானது. நல்ல கொட்டைக்குக் கூடுதல் காசு கொடுக்க முன்வந்த கடைக்காரர்கள்தானே அதில் இருப்பார்கள்.

அடுத்து, வாடிக்கையாளர்கள் போட்ட படங்களைப் பெரிதாக்கிக் கவுண்டரைப் பாருங்கள். காபிக்கொட்டை அரைக்கும் இரண்டு மூன்று கிரைண்டர்கள், வறுத்த தேதி அச்சிட்ட பைகள், எந்த நாட்டு, எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று எழுதிய பலகை கண்ணில் பட்டால் கிளம்பிப் போகலாம். சிரப் வகைகள் மட்டும் இருபது எழுதி, கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையென்றால் நான் போக மாட்டேன்.

ஒரு நல்ல கடை கிடைத்துவிட்டது. அடுத்த கடைக்கு மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டுமா?

வேண்டாம். அங்கே காபி போடுகிறவரிடமே கேளுங்கள். “இந்த ஊரில் பெஸ்ட் கடை எது?” என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பெயர்தான் வரும். “உங்களுக்கு லீவு நாளில் எங்கே போய்க் குடிப்பீர்கள்?” என்று கேளுங்கள். முகமே மாறும். மேப்பைத் திறந்து போனை நீட்டுங்கள், அவரே குறித்துத் தருவார். மொழி தெரியாத ஊரிலும் இது நடக்கும். வரிசையில் ஆள் நிற்கும்போது மட்டும் கேட்க வேண்டாம், கூட்டம் குறையட்டும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். போட்டிக் கடையை மனதாரப் புகழ்ந்து அனுப்பி வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஊரில் எங்கே போகலாம் என்றும் அவர்களையே கேட்கலாம்.

போனைப் பார்க்காமல் நடந்தே கண்டுபிடிக்க ஆசை. எந்தப் பக்கம் நடப்பது?

பிரதான வீதியை விட்டு ஒன்றிரண்டு தெரு உள்ளே. காரணம் வாடகைதான். சதுக்கத்தைப் பார்த்த கடைக்கு ஆகும் வாடகையைச் சிறு முதலாளியால் தாங்க முடியாது. பல்கலைக்கழகம், அச்சகம், சைக்கிள் பழுது பார்க்கும் கடை, பழைய பட்டறைகள் உள்ள பகுதிகளில் சுற்றுங்கள். காலையிலேயே போங்கள். இப்படிப்பட்ட கடைகளில் பல மதியம் மூன்று, நான்கு மணிக்கே கதவை மூடிவிடும்.

உள்ளே நுழைந்ததும் காபி நன்றாக இருக்குமா என்று கணிக்க முடியுமா? பால்மேல் போடும் பூ வேலைப்பாடு ஓர் அடையாளமா?

பூ அழகாக வந்தால் பாலை நன்றாக நுரைத்திருக்கிறார் என்று அர்த்தம். அடியில் இருக்கும் எஸ்பிரெஸோவைப் (மெஷின் அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி) பற்றி அது எதுவும் சொல்லாது.

நான் பார்ப்பது நீராவிக் குழாயை. பால் நுரைத்து முடித்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, ‘புஸ்’ என்று ஒருமுறை நீராவியைத் திறந்துவிட்டு மூடுகிறாரா? குழாயில் பழைய பால் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தால் மெஷினின் மற்ற பாகங்களும் அப்படித்தான் இருக்கும்.

தராசையும் கவனியுங்கள். எஸ்பிரெஸோவுக்குப் பொடியை எடை போட்டு, கோப்பைக்கு அடியிலும் தராசு வைப்பார்கள். 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி, சுமார் 25 முதல் 30 நொடி என்பது பலரும் தொடங்கும் அளவு. ஈரப்பதம் மாறினாலும் கொட்டைக்கு வயதானாலும் இந்த நேரம் மாறும். அதனால் காலையில் கடை திறந்ததும் அரைக்கும் பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, வந்ததைத் தானே சுவைத்து, சரியில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி போடுவார்கள். அப்படி ஒருவர் நிற்பதைப் பார்த்தால் தைரியமாக உட்காருங்கள்.

நான் பால் காபி மட்டும்தான் குடிப்பேன். அங்கே போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கொடுத்தாலும் சூடே இருப்பதில்லை.

கூச்சமே வேண்டாம், அந்தக் கடைகள் பலவற்றுக்கும் வாடகை கட்டுவது பால் காபிதான். சூடு குறைவாக இருப்பது வேண்டுமென்றே செய்வது. 60–65 டிகிரி செல்சியஸில் பாலின் இனிப்பு நன்றாகத் தெரியும். 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை ஏறிவிடும். சூடாக வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் கோப்பை.

செயின் இல்லாத தனிக்கடைக்குத்தான் போக ஆசை. நாலு கிளை இருந்தால் அது தனிக்கடை ஆகாதா?

தாராளமாக ஆகும். கிளைகளை எண்ணாதீர்கள், கொட்டையையும் ஆட்களையும் யார் முடிவு செய்கிறார் என்று பாருங்கள். தனிக்கடைகளாகப் பெயரெடுத்த அமெரிக்க நிறுவனங்களே கை மாறியிருக்கின்றன. 2015-ல் ஸ்டம்ப்டவுனை பீட்ஸ் என்ற பெரிய காபி நிறுவனம் வாங்கியது, 2017-ல் ப்ளூ பாட்டிலின் பெரும்பான்மைப் பங்கை நெஸ்லே வாங்கியது. பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், முதலாளி வேறாக இருப்பார். காபி கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் உங்கள் காசு அந்த ஊர்க்காரரிடமே சேர வேண்டும் என்று நினைத்தால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் நாலைந்து கடை பார்க்கலாமா?

பார்க்கலாம், எல்லாவற்றிலும் முழுக் கோப்பை வேண்டாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை கவலையில்லை, கர்ப்பிணிகளுக்கு 200 என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. 200 மில்லி ஃபில்டர் காபியில் (நம் ஊர் டிகாக்‌ஷன் காபி அல்ல, அங்கே பால் இல்லாமல் வடிகட்டித் தருவது) சுமார் 90 மில்லிகிராம் இருக்கும். இரண்டு பேராகப் போய் ஒரு கோப்பையைப் பகிர்ந்து குடிப்பது நல்லது. தனியாகப் போனால் மூன்றாவது கடையில் காஃபின் நீக்கியதைக் கேளுங்கள். அதையும் அக்கறையாகப் போட்டுத் தருகிற கடை என்றால் மற்றதெல்லாம் அங்கே நன்றாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது கொட்டை வாங்கி வர ஆசை. என்ன பார்த்து வாங்குவது?

காலாவதி தேதியை விடுங்கள், வறுத்த தேதியைப் பாருங்கள். வறுத்து ஒன்றிரண்டு வாரம் ஆன பை பயணத்துக்குச் சரி, ஊர் போய்ச் சேரும்போது பதமாக இருக்கும். அரைத்து வாங்காதீர்கள், பொடியில் மணம் சீக்கிரம் போய்விடும். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது பை உப்பும், உள்ளிருக்கும் காற்று பையில் உள்ள சின்ன வால்வு வழியாக வெளியேறும். பயப்பட ஒன்றுமில்லை, பெட்டியில் இருக்கிற துணியெல்லாம் காபி மணக்கும், அவ்வளவுதான்.