பழைய அம்பாசடரை நானே ரிப்பேர் செய்யலாமா? வேறு வண்டிப் பாகங்கள் சேருமா?

கேள்வியின் சுருக்கம்: அப்பா ஓட்டிய 1980களின் அம்பாசடர் வீட்டில் நிற்கிறது. கம்பெனி 2014லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் "புதுப்பேட்டைல ஒண்ணு வாங்கியாங்க சார், மாட்டிடலாம்" என்று சென்னையின் பழைய வண்டிப் பாகச் சந்தையைக் காட்டுகிறார். நானே கையை வைக்கலாமா, எந்த வண்டிப் பாகம் எதற்குச் சேரும்?

தாராளமாகக் கையை வைக்கலாம். நான் தண்டையார்பேட்டைக்காரன். என்னிடம் இருப்பதும் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர்தான். ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பத்மினி, மாருதி 800, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று வைத்திருக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குள் பாகங்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். இத்தனையும் பார்த்த பிறகு நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: வேறு பாகம் தேடி அலைவதற்கு முன்னால், உங்கள் வண்டியிலிருந்து கழற்றியதைச் சரிபண்ண முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். மாற்றிப் போடுவது அதற்கு அடுத்த வழி.

புதுப்பேட்டையைக் குறை சொல்லவில்லை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி, ஹெட்லைட் வளையம், டிக்கி கீல், இதற்கெல்லாம் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் உள்ளே சுற்றுகிற, தேய்கிற பாகம் என்றால் அது அங்கே வந்து சேர்ந்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் மழையிலோ முங்கிய வண்டியிலிருந்து வந்ததா என்பது விற்கிறவருக்கே தெரியாது. உங்கள் வண்டியின் பாகத்தைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும்.

கொருக்குப்பேட்டை நண்பர் ஒருவரின் அம்பாசடரில் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் இழுக்கவில்லை. பேட்டரியும் எர்த் ஒயரும் சரியாக இருந்தன. வேறு ஒரு மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளிப் பெயின்ட் அடித்து, பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. மாட்டுவதற்கு முன்னால் இரண்டையும் பிரித்துவிடுவோம் என்றேன். வாசலில் சாக்கை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்மூடியைக் கழற்றினோம். வாங்கி வந்ததில் கம்யூட்டேட்டரில் (உள்ளே சுற்றும் செப்பு வளையத்தில்) கார்பன் பிரஷ் ஓடும் இடம் பள்ளமாகியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் விளிம்பில் மாட்டியது. ஆர்மேச்சர் சுருளில் கருகிய வாடை. அவருடைய பழைய மோட்டாரிலோ பிரஷ் தேய்ந்து குட்டையாகியிருந்தது, ஷாஃப்டைத் தாங்கும் பின்பக்க புஷ் தளர்ந்து ஷாஃப்ட் ஆடியது, அவ்வளவுதான். புது பிரஷ், புது புஷ். அந்த வெண்கல புஷ்ஷை அடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். அதன் நுண்துளைகளில் ஏறுகிற எண்ணெய்தான் அதற்கு ஆயுள். அவசரத்தில் அதை ஊறவைக்காமல் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. சீக்கிரமே மறுபடி ஆடும். நண்பருடைய சொந்த மோட்டார் இன்றைக்கும் அவர் வண்டியில் ஓடுகிறது.

இந்த வேலைக்கு வடசென்னையைப் போல வசதியான இடம் இல்லை என்று நினைக்கிறேன். அம்பாசடரின் மின் பாகங்களில் பலவற்றைச் செய்த லூகாஸ் டிவிஎஸ் இங்கே பாடியில்தான் இருக்கிறது. பிரேக்ஸ் இந்தியாவும் வீல்ஸ் இந்தியாவும் அதே பாடி. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், சிம்சன். எண்ணூரில் அசோக் லேலண்ட். 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தரும் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய கம்பெனி அது. இங்கெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். சிலர் வீட்டு முன்னாலேயே ஒரு லேத் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். புஷ் கடைவது, டிரம் கடைவது, தேய்ந்த ஷாஃப்டுக்கு மெட்டல் ஏற்றிச் சரிபண்ணுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. கடையில் கிடைக்காது என்று கைவிடுகிற பாகத்தில் பாதி, இவர்களிடம் கொண்டுபோனால் எழுந்து உட்காரும்.

அப்படி ஒரு பெரியவரிடம் என் எஞ்சின் ஓவர்ஹாலுக்காகப் போயிருந்தேன். போரிங் போட (தேய்ந்த சிலிண்டர் துளையைப் பெரிதாக்க) எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "பிஸ்டன் எங்க?" என்றார். இன்னும் வாங்கவில்லை என்றேன். "அப்ப இன்னிக்கி ஒண்ணும் நடக்காது தம்பி. பிஸ்டன எடுத்துனு வா, அத அளந்துதான் நான் துளைய வெட்டணும்" என்றார். விஷயம் இதுதான். 20 தவ், 30 தவ் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் என்று டப்பாவில் போட்டிருந்தாலும், பிஸ்டனைக் கையில் வைத்து மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டுத்தான் போர் செய்ய வேண்டும். முதலில் போரிங்கை முடித்துவிட்டுப் பிஸ்டனைத் தேடினால், அந்த அளவு எங்கேயும் கிடைக்காமல் பிளாக் மூலையில் கிடக்கும்.

நீங்களே செய்யக்கூடியவை நிறைய. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 15 தவ், வால்வு டேப்பெட் 15 தவ், பிளக் 25 தவ், இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் மூன்றும் முடிந்துவிடும். பாயிண்டை அளக்கும்போது அதன் குதிகால் கேமின் உச்சியில் நிற்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரைக் கழற்றினால் ஜெட்டுக்குள் கம்பி, குண்டூசி எதையும் விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பெட்ரோலில் கழுவிக் காற்றடித்தால் போதும். வண்டிக்கு அடியில் போகிற வேலை என்றால் வெறும் ஜாக்கியை நம்பிப் போகவே கூடாது. அடியில் ஸ்டாண்டு வைத்து, இருக்கிற சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, பிறகு படுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் உடையும். நம் தெருக்களில் வண்டிக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, மாற்றிப் போடுவதற்கு வருகிறேன். இதில் நல்ல உதாரணம் மாருதி 800ம் ஆம்னியும். இரண்டிலும் அதே 796 சிசி மூன்று சிலிண்டர் எஃப்8பி எஞ்சின். பிஸ்டன், ரிங், வால்வு என்று எஞ்சின் உள்பாகங்களில் பலதும் ஒன்றுக்கொன்று சேரும். ஆனால் 800இல் எஞ்சின் குறுக்காகப் படுத்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. ஆம்னியில் நெடுக்காக இருந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. அதனால் கியர்பாக்ஸ், மவுண்டிங், வெளியே தொங்குகிற பல சாமான்கள் சேராது. "ரெண்டும் ஒரே எஞ்சின்தானே" என்ற பேச்சை மட்டும் நம்பி முழு எஞ்சினையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடக் கூடாது.

அம்பாசடருக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. 1489 எஞ்சினின் நட்டும் போல்ட்டும் அங்குல அளவு. பத்மினி, மாருதி எல்லாம் மில்லிமீட்டர். அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர், அதில் 13ஆம் நம்பர் ஸ்பானர் நுழைந்துவிடும். ஆனால் இறுக்கிப் பிடிக்காது, பலமாகத் திருப்பினால் மூலை மழுங்கும். போல்ட்டில் இன்னும் மோசம். 5/16 அங்குல போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். மரை மட்டும் வேறு. எட்டு மில்லிமீட்டரை அந்தத் துளையில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். 'துருதான் பிடித்திருக்கிறது' என்று அழுத்தித் திருப்பினால் பிளாக்கில் இருக்கிற மரை போச்சு. இசுசு 1800 எஞ்சின் போட்ட பிந்தைய அம்பாசடர்களில் எஞ்சின் மில்லிமீட்டர், பழைய உடம்பு அங்குலம் என்று ஒரே வண்டியில் இரண்டும் இருக்கும். முன்னால் யார் எதை மாட்டினார்களோ, சொல்ல முடியாது. கையால் சுலபமாகச் சுற்றாத போல்ட்டுக்கு ஸ்பானர் போடாதீர்கள். ஒரு வெர்னியரும் ஒரு மரை கேஜும் வாங்கிவிடுங்கள்.

பிரேக்கும் ஸ்டீயரிங்கும் மட்டும் கை மாறிய பாகமாக இருக்கவே கூடாது என்பது எங்கள் நண்பர்களிடம் எழுதாத சட்டம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர் கிட், ஹோஸ் எல்லாம் புதிது. ஹெரால்டு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்காதீர்கள், 90ஆம் நம்பர் கியர் ஆயில்தான் போக வேண்டும். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராமல் வறண்டு, ட்ரன்னியனில் மரையோடு இறங்கியிருக்கும் செங்குத்துத் தண்டு உடைந்து சக்கரம் மடங்கியிருக்கிறது. அம்பாசடருக்கு கிரீஸ்தான், ஆனால் கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வந்தால்தான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

உடனே செய்ய வேண்டிய ஒரு வேலை பெட்ரோல் குழாய். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பும், இளகும், பிறகு வெடிப்பு விடும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டு இல்லை. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், டயாஃப்ரம் கிட்டும் அப்படியே கேட்டு வாங்குங்கள். டாங்கியில் பல வருடமாகப் படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வரும் என்பதால் வழியில் ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

கடல் காற்றைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் நிற்கிற வண்டிக்குத் துரு அடியிலிருந்து வரும். மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். பட்டி வைத்து மூடியிருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். அதை டிங்கரிடம் கொடுத்துத் தகடு வெட்டி வெல்டிங் வைப்பதுதான் சரி.

பாகங்களைப் பரிமாறிக்கொள்வதில் எங்களுக்குள் இருக்கிற வழக்கம் எளிது. கொடுக்கிறவர் அந்தப் பாகம் எந்த வண்டியில் இருந்தது, ஏன் கழற்றப்பட்டது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கம்பியில் கட்டிக் கொடுப்பார். கோளாறு இருந்தால் அதையும் எழுதுவார். பெயின்ட் அடித்துக் கொடுப்பதில்லை, உள்ளே இருப்பது தெரிய வேண்டும். பணமாக வாங்குவது குறைவு. இன்றைக்கு நான் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கொடுத்தால், என்றைக்கோ எனக்கு ஒரு ஹப் வரும். மாற்றிப் போட்ட பிறகும் பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெறும் இரும்பாகத் தெரிகிற அந்த உடம்புதான் அடுத்தவர் லேத்தில் புது புஷ் போட்டு எழுப்பப்போகிற பாகம்.

எஞ்சினையே மாற்றுகிறீர்கள் என்றால் அது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதற்கு இருக்கிறது, ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் மாற வேண்டும். விலைப் பேச்சு முடிவதற்கு முன்னாலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் நம்பர் போட்ட பில் தராத கடையில் வாங்காதீர்கள், திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் வண்டி எந்த வருடம், எஞ்சின் 1489ஆ, 1800ஆ, நின்று எவ்வளவு காலம் ஆகிறது என்று எழுதுங்கள். நீண்ட நாள் நின்றதென்றால் சாவியைத் திருப்பும் முன் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றுகிறதா இல்லையா என்று தெரிந்தால் அடுத்ததைச் சொல்கிறேன்.